சொந்த நிலத்தில் துப்பாக்கி சுடக் கட்டுப்பாடு என்றால் அமெரிக்காவில் ஏன் இவ்வளவு எதிர்ப்பு?

நீங்கள் எழுதியதை இப்படிப் புரிந்துகொள்கிறேன். பென்சில்வேனியாவில் நகரத்தை விட்டுத் தள்ளி இரண்டு ஏக்கர் மனையோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் வாரக் கடைசியில் தன் இடத்திலேயே துப்பாக்கி சுட்டுப் பழகுகிறார். டவுன்ஷிப், அதாவது உங்கள் உள்ளூர் ஊராட்சி, இதற்கு ஒரு விதி கொண்டுவரப் பார்த்தது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் அரங்கம் நிரம்பி வழிந்தது, பேசியவர்களில் பெரும்பாலோர் எதிர்த்தார்கள், டவுன்ஷிப்பை நடத்தும் சூப்பர்வைசர்கள் வரைவை ஓரமாக வைத்துவிட்டார்கள். "வீடுகளுக்கு நடுவே சுடாதே என்று சொல்வதில் எதிர்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்கிறீர்கள். உண்மையில் இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அப்படி ஒரு விதி போட டவுன்ஷிப்புக்கு அதிகாரம் உண்டா என்பது ஒன்று. அதிகாரம் இருந்தும் ஏன் ஜனங்கள் விடமாட்டேன் என்கிறார்கள் என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. இரண்டாவதுதான் சுவாரஸ்யமானது.

நான் வக்கீல் இல்லை. சிறிய ஊராட்சிகளுக்கு நிலப் பயன்பாட்டு விதிகளை எழுதிக் கொடுக்கும் வேலையில் பல வருடங்கள் இருந்தவன். துப்பாக்கி வைத்திருக்கவில்லை, வேட்டைக்கும் போனதில்லை. ஆனால் நீங்கள் பார்த்த மாதிரியான கூட்டங்களில் ஊராட்சித் தரப்பு மேஜையில் உட்கார்ந்து, எழுதிய விதி கண்முன்னே கிழிபடுவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் டவுன்ஷிப்பின் வரைவை நான் படிக்கவில்லை என்பதால், அதைப் பற்றிக் குறிப்பாக எதுவும் சொல்லமாட்டேன்.

நம் ஊர்ப் பழக்கத்தோடு பார்த்தால் இது புரியாது. தமிழ்நாட்டில் துப்பாக்கி என்றால் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டம், கலெக்டர் அலுவலக லைசென்ஸ், தேர்தல் வந்தால் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைப்பது. அரசு அனுமதித்தால்தான் உண்டு. பென்சில்வேனியாவின் கிராமப்புறத்தில் எண்ணம் தலைகீழ்: சட்டம் தடுக்காதவரை என் நிலத்தில் நான் செய்வது என் விஷயம். அதனால் புது விதி வரும்போது "ஏன் இப்போது?" என்பதற்குப் பதில் சொல்லவேண்டிய பொறுப்பு ஊராட்சியின் தலையில் விழுகிறது.

அதிகாரத்துக்கு வருவோம். அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்கள் துப்பாக்கி விஷயத்தில் உள்ளூர் அமைப்புகளின் கையைக் கட்டிப்போட்டிருக்கின்றன. பென்சில்வேனியச் சட்டமும், துப்பாக்கியைச் சொந்தமாக்குவது, வைத்திருப்பது, கைமாற்றுவது, கொண்டுபோவது ஆகிய நான்கையும் எந்தக் கவுண்டியும் (நம் மாவட்டம் மாதிரி) டவுன்ஷிப்பும் தன்னிஷ்டத்துக்கு முறைப்படுத்தக் கூடாது என்கிறது. ஆனால் அந்தப் பட்டியலில் "சுடுவது" இல்லை. பெரும்பாலான கிராமப்புற டவுன்ஷிப்புகளுக்குப் பொருந்தும் சட்டத் தொகுப்பில், சுடுவதை முறைப்படுத்தும் அதிகாரம் தனியாகவே கொடுக்கப்பட்டிருக்கிறது. ஆக, உங்கள் டவுன்ஷிப் அத்துமீறவில்லை.

இதற்கு உங்கள் மாநிலத்திலேயே ஒரு வழக்கு இருக்கிறது. போக்கனோ மலைப்பகுதியில், மன்ரோ கவுண்டியைச் சேர்ந்த ஸ்ட்ரவுட் டவுன்ஷிப். அங்கே ஒருவர் 2009-இல் ஐந்து ஏக்கருக்குச் சற்றுக் குறைவான நிலம் வாங்கி, அதிலேயே சுட்டுப் பழக ஆரம்பித்தார். 2011-இல் சத்தம் தாங்கவில்லை என்று புகார் போனது. போலீஸ் வந்து பார்த்தது. குண்டைத் தாங்கும் தடுப்பு பாதுகாப்பாகவே இருந்தது. ஆனாலும் அதே வருடம் டவுன்ஷிப், சில விலக்குகள் தவிர எல்லைக்குள் சுடவே கூடாது என்று விதி போட்டது. முறையான சுடுதளத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் அதற்குக் குறைந்தது ஐந்து ஏக்கர் வேண்டும், குறிப்பிட்ட மண்டலத்தில் இருக்கவும் வேண்டும். அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை, வழக்குப் போட்டார். 2021-இல் மாநிலத்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. 2024 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டது. துப்பாக்கிப் பயிற்சிக்கு உரிமை இருக்கலாம், அதை வீட்டுக் கொல்லையில்தான் செய்வேன் என்று சொல்லும் உரிமை வரலாற்றில் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

வரலாறு ஏன் வந்தது என்றால், 2022-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கொடுத்த புரூயன் தீர்ப்பின்படி, துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் அந்த நாட்டின் பழைய வழக்கத்தோடு ஒத்துப்போகிறதா என்றுதான் பார்க்கவேண்டும். சுடுவதைத் தடுக்கும் விதிகளுக்கு அங்கே நிறையப் பழைய உதாரணங்கள் உண்டு. பிலடெல்பியாவில் 1721-லேயே கவர்னரின் விசேஷ அனுமதி இல்லாமல் ஊருக்குள் சுடத் தடை இருந்தது. நியூயார்க்கில் 1773-இல் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் சுடுவதைத் தடுக்கத் தனிச் சட்டமே போட்டார்கள். புத்தாண்டுக் குடியும் துப்பாக்கியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது.

சரி, அதிகாரம் இருக்கிறது. பின் ஏன் எதிர்ப்பு? என் அனுபவத்தில் பெரும்பாலான இடங்களில் நடப்பது இதுதான்: புகார் சத்தத்தைப் பற்றியது, விதி மட்டும் பாதுகாப்பு என்ற பெயரில் எழுதப்படுகிறது. ஸ்ட்ரவுடிலும் புகார் சத்தம்தான். "பக்கத்து வீட்டுச் சத்தம் எரிச்சலாக இருக்கிறது" என்று எழுதினால் கேவலமாகத் தெரியும், "குழந்தைகள் பாதுகாப்பு" என்று எழுதினால் யாரும் எதிர்க்கமாட்டார்கள் என்று ஊராட்சி நினைக்கிறது. எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் துப்பாக்கியைப் பற்றி ஊராட்சியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள். இரண்டே கேள்வியில் ஓட்டையைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதற்கப்புறம் விதியில் நியாயமான பகுதியைக்கூட யாரும் நம்புவதில்லை.

அந்த ஓட்டை எங்கே இருக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விதி எழுதுபவர்கள் முதலில் எடுப்பது ஏக்கர் கணக்கை: ஐந்து ஏக்கருக்குக் கீழே சுடக் கூடாது, பத்து ஏக்கருக்குக் கீழே சுடக் கூடாது என்று. சதுரமான பத்து ஏக்கர் நிலத்தின் ஒரு பக்கம் 660 அடி. சின்னத் தோட்டாக்களில் ஒன்றான பாயின்ட் டூ டூ (.22) தோட்டாவின் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். மான் வேட்டை ரைபிளின் குண்டு சாதகமான கோணத்தில் சுமார் மூன்று மைல் போகும். அப்படியானால் பத்து ஏக்கர் என்ன, நூறு ஏக்கரும் குண்டை நிறுத்தாது. குண்டை நிறுத்துவது எதிரே இருக்கும் மண்மேடு. கல் கலக்காத மண், போதிய உயரம், இலக்குக்கு நேர் பின்னால் சாலையோ வீடோ இல்லாத திசை, இவை இருந்தால் இரண்டு ஏக்கரும் பாதுகாப்பானதாக இருக்கலாம். இவை இல்லாமல் நூறு ஏக்கரில் வானத்தைப் பார்த்துச் சுட்டால் ஊருக்கே ஆபத்து. ஏக்கர் கணக்கு உண்மையில் அளப்பது அக்கம்பக்கத்தார் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதை, அதாவது சத்தத்தை. இதை ஒளித்துவைக்காமல் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது.

அடுத்தது அடிக் கணக்கு. ஒரு கூட்டத்தில், "எந்த எல்லைக் கோட்டிலிருந்தும் 500 அடிக்குள் சுடக் கூடாது" என்று வரைவு வாசிக்கப்பட்டது. மூன்று நிமிடம்தான் பேசலாம். ஒரு பெரியவர் தன் நிலத்தின் சர்வே படத்தை மேஜைமேல் விரித்தார். ஒவ்வொரு எல்லையிலிருந்தும் 500 அடி உள்ளே தள்ளிச் சிவப்புப் பேனாவால் கோடு இழுத்து வைத்திருந்தார். நான்கு பக்கமும் 500 அடி விட்டால், நட்டநடுவில் ஒரே ஒரு புள்ளி மிஞ்சுவதற்கே நிலம் ஆயிரத்துக்கு ஆயிரம் அடி இருக்கவேண்டும். அது கிட்டத்தட்ட 23 ஏக்கர். அவரிடம் இருந்தது பதினெட்டு. பக்கத்தில் அவருடைய சொந்தத் தம்பியின் சோளக் காடு, அங்கே ஆளே கிடையாது. "எந்தச் சோளத்துக்கு ஆபத்து?" என்று கேட்டார். அரங்கம் சிரித்தது. விதியின் கதை அங்கேயே முடிந்துவிட்டது. "எல்லைக் கோட்டிலிருந்து" என்பதற்குப் பதிலாக "ஆள் குடியிருக்கும் கட்டடத்திலிருந்து" என்று போட்டிருந்தால் அந்தப் பெரியவர் ஆதரித்துக்கூடப் பேசியிருப்பார். பென்சில்வேனியா வேட்டைச் சட்டமே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. ஆள் குடியிருக்கும் கட்டடத்தைச் சுற்றி, குடியிருப்பவரின் அனுமதி இல்லாமல் துப்பாக்கியோடு 150 கஜத்துக்குள் வேட்டையாடக் கூடாது. அது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு, யாரும் அதை எதிர்ப்பதில்லை.

எதிர்ப்பவர்கள் எல்லோரும் ஒரே ஜாதி இல்லை. கூட்டத்தில் சத்தமாகப் பேசுபவர்கள், ஆயுத உரிமையைச் சொல்லும் அமெரிக்க அரசியல் சட்டத்தின் இரண்டாவது திருத்தத்தைப் பற்றிப் பேசுவார்கள், அவர்களில் சிலர் இமெயில் பார்த்து வெளியூரிலிருந்து வந்தவர்களாகவும் இருப்பார்கள். அவர்களை மட்டும் பார்த்துவிட்டு "துப்பாக்கிப் பைத்தியங்கள்" என்று முடிவு கட்டினால் தப்பு. பின்வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் விவசாயியைக் கவனியுங்கள். நிலத்தில் வளை தோண்டும் கிரவுண்ட்ஹாக் என்ற பெரிய அணில் இனப் பிராணி அவருடைய சோயாவைத் தின்கிறது. அந்த வளையில் மாட்டின் கால் மாட்டினால் முறியும். கோழிக் கூண்டுக்கு நரி வருகிறது. காலொடிந்த கன்றை வேதனைப்படாமல் முடிக்கவேண்டியிருக்கிறது. விதி "சுடுதல் தடை" என்று ஒரே வார்த்தையில் எழுதப்பட்டால் இவை எல்லாமே குற்றமாகிவிடும். அதைப் பற்றி யோசிக்காமலேதான் பல வரைவுகள் வருகின்றன.

அப்புறம் வேட்டைக்காரர்கள். பென்சில்வேனியாவில் ரைபிள் மான் வேட்டை நவம்பர் கடைசியில் வரும் நன்றி நவிலல் (தேங்க்ஸ்கிவிங்) நாளை ஒட்டித் தொடங்கும். 2018 வரை அதற்கு அடுத்த திங்கட்கிழமைதான் முதல் நாள், அன்றைக்குப் பல பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை விடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சீசனுக்கு முன்னால் ரைபிளின் குறி சரியாக இருக்கிறதா என்று நாலைந்து தோட்டா சுட்டுப் பார்ப்பது அவர்களுக்குக் கடமை. குறி தப்பினால் மான் காயத்தோடு ஓடிச் சாகும். இதற்காக வருடத்துக்கு ஒரு மதியம் கொல்லையில் சுடுபவரையும், வாரா வாரம் நண்பர்களைக் கூட்டி நூற்றுக்கணக்கில் சுடுபவரையும் ஒரே விதி ஒரே மாதிரி நடத்தினால், முதல் ஆளும் எதிர்ப்பாளராகிவிடுவார். உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டாவது வகை என்று நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் சிறுபான்மைதான். அவர்களுக்காகப் போடும் விதி மற்ற எல்லார்மீதும் விழுகிறது என்பதுதான் கோபம்.

துப்பாக்கியே வைத்திராதவர்களும் எதிர்த்தார்களே என்று ஆச்சரியப்பட்டிருந்தீர்கள். அவர்களுக்குத் துப்பாக்கி முக்கியமே இல்லை. பழைய பண்ணைகள் மனைகளாகப் பிரிந்து, நகரத்திலிருந்து வந்தவர்கள் குடியேறி, வந்த இரண்டாம் வருடம் "சேவல் கூவுகிறது, சாணம் நாறுகிறது, சருகு எரிக்கிறான்" என்று புகார் கொடுக்க ஆரம்பித்த ஊர்கள் பல. இன்றைக்குச் சுடுவது, நாளைக்கு என் கோழி என்றுதான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். இதில் நீங்களும் நானும் எந்தப் பக்கத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. "நாங்கள்தான் முன்னால் இருந்தோம்" என்பதற்குச் சட்டத்திலும் கொஞ்சம் இடம் உண்டு. ஏற்கெனவே இயங்கிவரும் சுடுதளங்களைச் சத்த வழக்குகளிலிருந்து காக்கும் சட்டம் ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது. தனி ஆளின் கொல்லைக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று உண்டு, அது ஃப்ளோரிடா. துப்பாக்கி விஷயத்தில் உள்ளூர் விதி போடும் அதிகாரியே தன் கையிலிருந்து 5,000 டாலர் வரை அபராதம் கட்டவேண்டும், கவர்னர் அவரைப் பதவியிலிருந்து நீக்கலாம் என்று 2011-இல் அங்கே சட்டத்தை இறுக்கினார்கள். ஊராட்சிகள் பயந்துபோய்ப் பழைய விதிகளையும் எடுத்துவிட்டன. கொஞ்ச காலத்தில் பிக் பைன் கீ தீவிலும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்திலும் வீட்டுக் கொல்லையில் சுடுதளம் கிளம்பியது. இப்போது கொதித்தது அக்கம்பக்கத்தார். தடுக்க வழியில்லை என்று போலீஸ் கையை விரித்தது. கடைசியில் 2016-இல் மாநிலமே, ஏக்கருக்கு ஒன்றோ அதற்கு மேலோ வீடுகள் உள்ள குடியிருப்புப் பகுதியில் பொழுதுபோக்குக்காகச் சுடுவதைக் குற்றமாக்க வேண்டிவந்தது. அதிகாரிகளுக்கான தண்டனைச் சட்டத்தை ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றம் 2023-இல் உறுதிப்படுத்திவிட்டது. எதிர்ப்பு முழுமையாக ஜெயித்தால் என்ன ஆகும் என்று கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் காட்டுவேன்.

டெக்ஸாஸின் வழி எனக்குப் பிடிக்கும். 1981-க்குப் பின் நகரத்தோடு சேர்த்த பகுதிகளில், சிறு குண்டுகளைச் சிதறவிடும் ஷாட்கன் என்றால் பத்து ஏக்கரும் பிறர் வீட்டிலிருந்து 150 அடியும், ரைபிள், கைத்துப்பாக்கி என்றால் ஐம்பது ஏக்கரும் 300 அடியும் இருந்தால், குண்டு எல்லையைத் தாண்டாத விதத்தில் சுடுவதை நகராட்சி தடுக்கமுடியாது. எண்களைப் பற்றிச் சண்டை போடலாம். ஆனால் ஆயுதத்துக்கு ஏற்றபடி கணக்கு மாறுகிறது, "குண்டு எல்லையைத் தாண்டக் கூடாது" என்ற வாசகமும் உள்ளே இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில் இன்னொரு முறை: சில கவுண்டிகளில் அந்தப் பகுதிக் குடியிருப்பாளர்களே மனுக் கொடுத்து, தங்கள் பகுதியைச் சுடாத பகுதியாக அறிவிக்கச் சொல்லலாம். மேலிருந்து திணித்தார்கள் என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இதுவரை சொன்னதில் சட்ட வாசகங்களும் தீர்ப்புகளும் உறுதியானவை. உறுதியில்லாத சிலவற்றையும் சொல்லவேண்டும். சொந்த நிலத்தில் பழகும் உரிமை அரசியல் சட்டத்தில் எவ்வளவு தூரம் அடங்கும் என்பதை அமெரிக்க உச்ச நீதிமன்றம் இன்னும் நேரடியாகத் தீர்க்கவில்லை. கீழே தீர்ப்புகள் பல திசையில் போகின்றன. சிகாகோ நகரம் சுடுதளங்களையே அடியோடு தடைசெய்தபோது 2011-இல் ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை போட்டது. மிச்சிகனில் ஹோவெல் டவுன்ஷிப்பில் 352 ஏக்கரில் ஆயிரம் கஜ நீளச் சுடுதளம் கேட்டவர்கள் 2024-இல் தோற்றார்கள். மண்ணில் சேரும் ஈயம் கிணற்று நீரைக் கெடுக்குமா என்பது வருடக்கணக்கில் இயங்கும் பெரிய தளங்களில் நியாயமான கவலை. கொல்லையில் எப்போதாவது சுடுவதற்கு அது எவ்வளவு பொருந்தும் என்பது மண்ணையும் நீர்மட்டத்தையும் பொறுத்தது. வீட்டு விலை விழும் என்று இரண்டு பக்கமும் கூட்டத்தில் எண்களை வீசுவார்கள். அவற்றில் எதையும் நம்பி முடிவெடுக்கவேண்டாம்.

உங்கள் விஷயத்தில் நான் செய்வது இதுதான். விதி மறுபடி எடுக்கப்பட்டால், சத்தத்தையும் ஆபத்தையும் தனித்தனியாக எழுதச் சொல்லி மனுக் கொடுங்கள். சத்தத்துக்கு நேரக் கட்டுப்பாடு: ஞாயிறு காலை கிடையாது, இருட்டிய பின் கிடையாது, வெடிக்கும் இலக்குகள் கிடையாது. இந்தக் கடைசி விஷயத்தில் துப்பாக்கிக்காரர்களிலேயே பலர் உங்கள் பக்கம் இருப்பார்கள். 2021-இல் நியூ ஹாம்ப்ஷயரின் கிங்ஸ்டனில், பிறக்கப்போவது பையனா பெண்ணா என்று அறிவிப்பதற்காகக் கல் குவாரியில் அப்படிப்பட்ட இலக்குகளுக்கான வெடிபொருளான டானரைட்டை 80 பவுண்டு வெடித்து, மாநில எல்லைக்கு அப்பால் வரை வீடுகள் அதிர்ந்தன. ஆபத்துக்கு மண்மேடும், குண்டு எல்லை தாண்டக் கூடாது என்ற ஒரு வரியும் போதும். பயிரையும் கால்நடையையும் காப்பது, தற்காப்பு, சட்டப்படியான வேட்டை, சீசனுக்கு முன் குறி பார்ப்பது ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். கூட்டத்துக்கு முன்பே ஒரு வேட்டைக்காரரையும் ஒரு விவசாயியையும் கூப்பிட்டு வரைவைக் காட்டச் சொல்லுங்கள். அந்தச் சர்வே படம் கூட்டத்தில் விரிவதைவிட, முன்னாடியே சமையலறை மேஜையில் விரிவது நல்லது.

அதற்கு முன் பக்கத்து வீட்டுக்காரரிடம் நேரில் பேசிப் பாருங்கள். "சுடாதீர்கள்" என்று ஆரம்பிக்காமல், "எந்த நேரத்தில் சுடுவீர்கள் என்று முன்கூட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும், குழந்தை தூங்கும் நேரம் இது" என்று கேளுங்கள். எந்தத் திசையில் சுடுகிறார், பின்னால் என்ன இருக்கிறது என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவர்கள் பெருமையோடு காட்டுவார்கள். டயர்களை அடுக்கி உள்ளே மண் நிரப்பியிருந்தால் மண் கெட்டியாக இருக்கிறதா, கற்கள் இல்லையா என்று பாருங்கள். இரும்புத் தகடு இலக்கு என்றால் அது சற்றுக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கவேண்டும், அப்போதுதான் சிதறல் தரைக்குப் போகும். சைலன்சர் போட்டால் 20 முதல் 35 டெசிபல் வரை குறையும். அதற்கு 1934 முதல் இருந்த 200 டாலர் வரி 2026 தொடக்கத்திலிருந்து இல்லை, பதிவு செய்யும் நடைமுறை மட்டும் உண்டு. சத்தம்தான் உங்கள் பிரச்சினை என்றால் இதைக் கேட்டுப் பார்க்கலாம்.

ஒருவேளை குண்டு உண்மையிலேயே உங்கள் எல்லைக்குள் வந்தால், அப்போது எந்த உள்ளூர் விதிக்கும் காத்திருக்கவேண்டாம். மற்றவர் உயிருக்கு அஜாக்கிரதையாக ஆபத்து விளைவிப்பது பென்சில்வேனியாவில் மாநிலக் குற்றம். துளையை நோண்டாமல், குண்டை எடுக்காமல், அளவு தெரிய ஒரு நாணயத்தைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு 911-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் டவுன்ஷிப்பில் போலீஸ் இல்லையென்றால் மாநிலப் போலீஸ் வரும்.